ஜன்னல் பக்கத்து முகம்

என் மனைவி யாரைப் பார்த்தாலும் முதலில் நெற்றியிலிருந்து தாடைவரை நடுவில் ஒரு கோடு போட்டுவிடுவாள். கையால் அல்ல, கண்ணால். அதற்குப் பிறகுதான் வாங்க, உட்காருங்க எல்லாம். கல்யாணமான புதிதில் அவள் என்னையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பதைக் கண்டு நான் உச்சி குளிர்ந்து போயிருக்கிறேன். ஆறு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. என் ஒரு தோள் மற்றதைவிட அரை விரல் இறங்கியிருக்கிறதாம். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளுடைய தொழில் அப்படி. கோட்டும் சீருடையும் தைக்கிற பெரிய தையல் கூடம் ஒன்றில் பதினெட்டு வருஷம் துணி வெட்டினாள். துணியை இரண்டாக மடித்து ஒரு பக்கம் வெட்டினால் போதும், விரித்தால் இரண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி இருக்கும். "ஆனா மனுஷ உடம்ப யாரும் மடிச்சு வெட்டலையே" என்பாள். ஒருவருக்குத் தோள் இறங்கியிருக்கும், ஒருவருக்கு இடுப்பு ஏறியிருக்கும். அளவெடுக்கும்போதே தெரிந்துவிடும். தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்தக் கூடத்து விதி. இறங்கின தோளுக்குள் ஒரு மெல்லிய பஞ்சுப் பட்டையை வைத்துத் தைத்துவிட வேண்டும். வந்தவர் கண்ணாடியில் பார்த்து, தன் தோள் இரண்டும் தராசுத் தட்டு மாதிரி இருப்பதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார். அவளுடைய அளவு நோட்டில் அந்த மாதிரி குறைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். வட்டம் என்றால் சொல்லக்கூடாதது என்று அர்த்தம்.

தையல் கூடம் வேறு ஊருக்குப் போனபோது இவள் போகவில்லை. பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டரில் உருவங்கள் செய்கிற ஒரு கம்பெனி இருந்தது. திரையில் நடக்கிற உருவங்களுக்குச் சட்டை வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். துணியே இல்லாத சட்டை. போன வேகத்தில் திரும்பி வருவாள் என்று நான் நினைத்தேன். அவளோ இரண்டாவது மாதமே அங்கே ஒரு சண்டை போட்டாள். ஓர் உருவத்துக்குக் காலர் கோணலாக நிற்கிறது, சரியாக வெட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். "சட்டையில தப்பில்ல. தலையிலதான் தப்பு" என்று இவள் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அளந்து பார்த்தால் கழுத்து நிஜமாகவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மறுவாரமே தலைப் பிரிவில் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சட்டை தைக்கப் போனவள் தலை செய்ய உட்கார்ந்துவிட்டாள். நோட்டும் கூடவே போனது.

தலை செய்வது என்றால் களிமண் வேலை இல்லை. ஓர் ஆளை நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுக்க வேண்டும். படத்தில் கண்ணின் ஓரம், மூக்கு நுனி, வாயின் இரண்டு முனை, தாடை என்று புள்ளி வைத்தால், மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தலையை உருட்டிக் கொடுக்கும். அந்தத் தலை ஆளைப் போலவே கோணலாக வரும். ஒரு காது மேலே, ஒரு கண் கீழே. அதை அப்படியே விட்டால் தொப்பி உட்காராது, மூக்குக்கண்ணாடி நிற்காது, பேச வைத்தால் வாய் ஒரு பக்கம் இழுக்கும். அதற்காக சிமெட்ரி என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து நூறுவரை நகர்த்தலாம். நூறில் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. எந்தப் பாதியை எந்தப் பாதிக்கு நகல் எடுப்பது, அல்லது இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பிடிப்பதா என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். நடுக்கோடு சரியாக விழுந்தால் பாதி வேலை முடிந்தது. கோடு பிசகினால் மூக்கு தடிக்கும், அல்லது இரண்டு கண்ணும் ஒட்டிக்கொள்ளும். கோடு போடுவதில் அந்த ஆபீசில் இவளை அடிக்க ஆள் இல்லை. நான் பெருமைக்குச் சொல்லவில்லை, அவளுடைய மேனேஜரே சொன்னது.

அந்த மேனேஜருக்கு இவள் வைத்த பெயர் அவசரம். நல்ல பையன். ஆனால் எதைக் கேட்டாலும் தலை போகிற அவசரம் என்று கேட்பான். "தலை எங்கயும் போகாது தம்பி, இங்கதான் இருக்கு" என்று இவள் திரையைக் காட்டுவாள்.

இனி என்னைப் பற்றி. நான் டவுன் பஸ் ஓட்டுகிறவன். இருபத்து மூன்று வருஷம். பஸ் டிரைவர் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஜன்னல் பக்கத்துக் கன்னம் வெயிலில் வெந்து, கறுத்து, சுருக்கம் விழுந்து கிடக்கும். உள் பக்கத்துக் கன்னம் பத்து வயது இளமையாக இருக்கும். ஒரே ஆள், இரண்டு வயது.

ஒரு நாள் அவசரம் ஒரு புது வேலையோடு வந்தான். புதிதாகச் சேருகிற பஸ் டிரைவர்களுக்குத் திரையில் பாடம் நடத்த ஒரு வாத்தியார் உருவம் வேண்டுமாம். நிஜ டிரைவர் ஒருவரின் தலையாக இருந்தால் நல்லதாம். இவள் யோசிக்கவே இல்லை. "வீட்டுல ஒண்ணு சும்மாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். ஒண்ணு என்றது என்னை.

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடித்துவிட்டுச் சீருடையோடு போனேன். வெள்ளைச் சுவர், ஒரு ஸ்டூல், முகத்தில் நிழல் விழாதபடி இரண்டு பக்கமும் விளக்கு. அவசரம் படம் எடுத்தான். இவள் பக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேரா பாருங்க."

"நேராத்தான் பாக்குறேன்."

"இல்ல, திரும்பியிருக்கீங்க. கேமராவ நேரா பாருங்க."

"இதுக்கு மேல நேரா பாக்க என் அப்பனாலயும் முடியாது."

பதினோரு படம் எடுத்தார்கள். பதினொன்றிலும் மூக்கு நுனி கோட்டைவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றது. ஒரு காது முழுசாகத் தெரிந்தது, மற்றது பாதிதான். மானத்தை வாங்குகிறாளே என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"இருபத்து மூணு வருஷமா ஜன்னல் பக்கக் கண்ணாடியப் பாத்துப் பாத்து கழுத்து அப்படியே நின்னுபோச்சு" என்றேன். அவசரம் விழுந்து விழுந்து சிரித்தான். இவள் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டாள்.

இருந்த படத்தை வைத்துத் தலையை உருட்டினாள். சிமெட்ரியை நூறில் வைத்து ஜன்னல் பக்கத்தை மறுபக்கத்துக்கு நகல் எடுத்தாள். திரையில் எங்கள் அப்பா வந்து நின்றார், ஒரு வித்தியாசமும் இல்லை, கோபம் உட்பட. உள் பக்கத்தை நகல் எடுத்தாள். எனக்குத் தம்பி இருந்தால் அப்படி இருப்பான், வழுவழுவென்று, உலகம் தெரியாதவனாக. "ரெண்டும் நான் இல்ல" என்றேன். "சராசரியில போட்டுக் குடுத்துருங்க அக்கா. எல்லாம் நேராயிடும்" என்றான் அவசரம். "திங்கக்கிழமை பாக்கலாம்" என்று இவள் கணினியை மூடிவிட்டாள். வீடு வரும்வரை பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் எல்லாரிடமும் மறைத்து வைத்திருந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். என் ஜன்னல் பக்கத்துக் கண் ஒன்றரை வருஷமாகப் புகைந்துகொண்டு வந்தது. முதலில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. பிறகு எண்ணெய்த் தாள் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. வருஷா வருஷம் டிப்போவில் கண் பரிசோதனை உண்டு. ஆனால் என்னைப் பரிசோதித்த காலமெல்லாம் சுவரில் தொங்கியது அதே எழுத்து அட்டைதான். மேலிருந்து கீழ்வரை எனக்கு மனப்பாடம். டாக்டர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வந்துவிட்டேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஏழு மாதம்தான். எப்படியாவது ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பஸ் ஓட்டுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அது போய்விட்டால் நான் யார்?

படம் எடுத்ததற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு திருப்பத்தில் ஜன்னல் பக்கமாக வந்த சைக்கிளை நான் பார்க்கவில்லை. சைக்கிளில் ஒரு பெண். பயணிகள் கத்தினார்கள், பிரேக்கில் ஏறி நின்றேன். சக்கரத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அவள் என்னைத் திட்டவில்லை. காலை ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள். பிறகு பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அந்தச் சத்தம் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் ஞாயிறு, எனக்கு விடுமுறை. காலையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். இவள் வந்து எதிரில் நின்றாள்.

"ஏங்க, அந்தக் கண்ண கையால மூடுங்க."

"எதுக்கு?"

"தலை வேலைக்குத்தான். மூடுங்க."

அவள் மூடச் சொன்னது நல்ல கண்ணை. மூடினேன்.

"சுவத்துல மணி என்ன?"

எதிர்ச் சுவரில் கடிகாரம். எனக்கு வெள்ளையாக ஒரு தட்டுதான் தெரிந்தது. முள்ளா, பல்லியா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் பஸ் டிரைவனிடம் மணி கேட்பதா? இருபத்து மூன்று வருஷம் நிமிஷக் கணக்கில் ஓடியவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

"எட்டு பத்து" என்றேன், கெத்தாக.

"கைய எடுங்க."

எடுத்தேன். கடிகாரத்தில் பத்து ஐம்பது.

என் கைப்பேசியைப் பார்த்தேன். எட்டு பதினொன்று. நான் சொன்ன நேரம் சரி. கடிகாரம்தான் தப்பு. நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பி வைத்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் சரியான நேரத்தைச் சொல்லி மாட்டிக்கொண்ட டிரைவர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"எத்தன நாளா?" என்றாள்.

கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வேறு என்ன வரும்? போலீஸ் வேலை எப்போது சேர்ந்தாய் என்று கத்தினேன். கழுத்து வலி என்றேன். இன்னொரு கண் நன்றாக இருக்கிறது, அது போதும் என்றேன். இதுவரை யார் மேலாவது ஏற்றியிருக்கிறேனா என்று கேட்டேன். கேட்டதும் அந்த இரண்டு தட்டு காதில் விழுந்தது. சைக்கிள்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒரு கண்ணு சரியில்லன்னா உடம்பு தானா நல்ல கண்ண நடுவுக்குக் கொண்டுவரும்ங்க. அதான் தலை திரும்புது. தோள் இறங்குனவங்க பையை எந்தப் பக்கம் மாட்டுறாங்கன்னு பாத்து வளந்தவ நான். கழுத்துன்னு சொன்னா நம்பிடுவேனா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பதினெட்டு வருஷம் எத்தன பேரு தோள மறைச்சிருக்கேன். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. தோள மறைச்சா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. இது அப்படியாங்க? நாளைக்கு நான் நூறுல வச்சுக் குடுத்துட்டா உங்க தலை நேரா நிக்கும். யாருக்கும் தெரியாது. புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு அந்தத் தலை பாடம் சொல்லும், கண்ணாடியப் பாரு, பாத்துத் திரும்புன்னு. அத நான் செஞ்சு குடுக்க மாட்டேன்."

"அப்ப டிப்போல போய்ச் சொல்லப்போறியா?"

"நான் ஏன் சொல்லணும்? நீங்கதான் சொல்லணும்." எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "திங்கக்கிழமை நீங்க சொல்லுங்க. சொல்லலன்னா செவ்வாக்கிழமை நான் சொல்லுவேன்."

மறுபடி ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைச் சரி செய்தாள். எனக்கு அவள் மேல் அவ்வளவு ஆத்திரம். அதே நேரம், ஒன்றரை வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியும் இருந்தது. இரண்டும் உண்மை.

திங்கட்கிழமை கடைசியாக ஒரே ஒரு நாள் ஓட்டிவிட்டு மாலையில் சொல்லலாம் என்று கிளம்பினேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் கிளம்பினேன். சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் பக்கக் கண்ணாடியைத் திருத்தி, நல்ல கண்ணை மூடிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒன்றும் இல்லை, வெறும் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் எத்தனை சைக்கிள் இருக்கிறதோ என்று தோன்றியது. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி நேரே டாக்டர் அறைக்கு நடந்தேன்.

டாக்டர் நம்பவில்லை. "போன தடவை எல்லா வரியும் படிச்சீங்களே?" என்று அட்டையைக் காட்டினார். நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கடைசி வரிவரை ஒப்பித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான். அன்றைக்கே சாவி என் கையைவிட்டுப் போனது. அட்டையும் சுவரைவிட்டுப் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கண்ணில் புரை. ஐந்து வாரத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டைப் பிரித்தபோது முதலில் பார்த்தது அவள் முகத்தைத்தான். காதோரம் இவ்வளவு நரைத்திருப்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. சொன்னேன். "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணிக் கண்ண திறந்தோம்?" என்று கேட்டுவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் புரைக்குப் பின்னாலும் பழுது இருக்கிறது, நாள் கடந்துவிட்டது, சீக்கிரம் வந்திருக்கலாம் என்றார் கண் டாக்டர். கடிகாரம் தெரியும், பேப்பர் தெரியும், பஸ் ஓட்டுகிற அளவுக்குத் தெரியாது. இப்போது டிப்போவில் பயணிகள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களைப் பார்த்துக்கொள்கிறேன். நாற்பத்தோரு குடை, ஒரு பல் செட். ஜன்னல் இல்லாத அறை. முதல் மாதம் அழுகையாக வந்தது. இப்போதும் என் பஸ் போகிற சத்தம் கேட்டால் கால் தானாக அமுக்கும்.

அவசரத்தின் தலை போகிற அவசரம் இரண்டு மாதம் காத்திருந்தது. பாடத்தை எழுதுகிறவர்கள் எழுதி முடிக்கவில்லையாம். மறுபடி போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மூன்றாவது படத்திலேயே கோடு மூக்கின் மேல் விழுந்தது. இவள் எலும்பை மட்டும் நூறில் வைத்தாள், தொப்பி உட்கார வேண்டுமே. தோலைத் தொடவில்லை. ஒரு கன்னம் வெந்தது, ஒரு கன்னம் வேகாதது, அப்படியே விட்டுவிட்டாள். "இப்ப இது நான்தான்" என்றேன். அவசரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

போன வாரம் ஒரு மாலை அவளுடைய நோட்டு மேஜையில் கிடந்தது. நான் அதைத் தொட்டதில்லை. அன்றைக்கு என்னவோ எடுத்துப் புரட்டினேன். பக்கம் பக்கமாகத் தோள், இடுப்பு, கழுத்து, பக்கத்தில் வட்டம், வட்டம், வட்டம். என் பக்கமும் இருந்தது. நாங்கள் படம் எடுத்த சனிக்கிழமைத் தேதி. 'நடுக்கோடு ஜன்னல் பக்கம் நாலு டிகிரி. கண்?' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு வட்டம்.

ஆக, அவளும் முதலில் மறைக்கத்தான் நினைத்திருக்கிறாள். எனக்காக. என்னிடமிருந்தேகூட. அந்த வட்டத்தின் மேல் பேனாவால் ஓர் அடி. அடித்த வேகத்தில் தாள் கிழிந்து அடுத்த பக்கம்வரை கோடு இறங்கியிருந்தது. கீழே ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு ஒரே வார்த்தை, 'சொல்லியாச்சு'. மற்ற பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அத்தனை வட்டத்தில் அடித்தது அது ஒன்றுதான். அந்த ஒரு ராத்திரி அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை.

உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, மணி என்ன?"

ஆறரை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொன்னேன்.